தட்டிப் பார்ப்பதா, நாள் எண்ணுவதா? வீட்டுத் தர்பூசணியைப் பறிப்பதும் பத்திரப்படுத்துவதும்

கடையில் தர்பூசணி வாங்குகிறவருக்குத் தட்டிப் பார்ப்பதை விட்டால் பெரிதாக வழி இல்லை. வீட்டில் வளர்க்கிறவர் நிலைமை வேறு. பூ என்றைக்கு மலர்ந்தது, பிஞ்சு எப்போது பிடித்தது என்பது அவர் கண்முன்னே நடந்த விஷயம். அதை விட்டுவிட்டுத் தட்டும் சத்தத்தை மட்டும் நம்பிப் பலர் பறித்துவிடுகிறார்கள். மாங்காய் என்றால் வைக்கோலில் வைத்துப் பழுக்கவிடலாம். தர்பூசணிக்கு அது நடக்காது. காம்பை அறுத்த பிறகு அதில் இனிப்பு ஏறாது. அதனால் பறிக்கும் நாள்தான் எல்லாமே.

முதலில் தட்டுவதைப் பார்ப்போம். காயாக இருந்தால் கணீரென்று கேட்கும், பழுத்திருந்தால் மொத்தென்று கேட்கும் என்பார்கள். பொய் இல்லை. ஆனால் அளவுக்கு மீறிப் பழுத்ததும் மொத்தென்றுதான் கேட்கும். தோலின் தடிப்பு, பழத்தின் அளவு இரண்டையும் பொறுத்துச் சத்தம் மாறும். தினமும் நூற்றுக்கணக்கில் தட்டுகிற வியாபாரிக்குக் காது பழகியிருக்கும். கொடிக்கு இரண்டு மூன்று காய் பிடிக்கிற வீட்டில் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

அடிப்பக்கத் திட்டு இதைவிட நல்ல அடையாளம். தரையில் படுத்திருக்கும் பக்கம் வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு மாறினால் பழம் தயார். சுகர் பேபி போன்ற கரும்பச்சை ரகங்களில் இது பளிச்சென்று தெரியும். ஆனால் மாடித்தோட்டத்தில் கொடியைப் பந்தலில் ஏற்றி, காயை வலைப்பையில் தொங்கவிடுகிறவர்களுக்கு இந்த அடையாளமே கிடைக்காது.

அவர்களுக்குக் கை கொடுப்பது பற்றுக்கம்பி, அதாவது கொடி பற்றிப் படர விடும் மெல்லிய சுருள். காயின் காம்பு கொடியில் சேரும் அதே கணுவில் இருக்கும் சுருளைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்துக் கணுவில் இருப்பதை அல்ல. அது அடி வரை பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும். ஒரே சிக்கல், தண்ணீர் குறைந்தாலோ கொடியில் நோய் வந்தாலோ அது முன்கூட்டியே காய்ந்துவிடும். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் குறைவது சாதாரணம் என்பதால் இதை மட்டும் வைத்துக் கத்தி எடுக்கக் கூடாது.

நான் முதலிடம் கொடுப்பது நாள் கணக்குக்குத்தான். விதை பாக்கெட்டில் போட்டிருக்கும் 75, 80 நாள் என்பது விதைத்ததிலிருந்து வரும் தோராயக் கணக்கு. ஒரே கொடியில் ஒரு காய் முன்னால் பிடிக்கும், இன்னொன்று பத்து நாள் கழித்துப் பிடிக்கும். இரண்டுக்கும் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? காலையில் ஆண் பூவை எடுத்துப் பெண் பூவில் தடவிவிடும்போதே காம்பில் ஒரு நூலைக் கட்டி, தேதியை எழுதி வையுங்கள். நம் வெயிலுக்கு சுகர் பேபி பூத்ததிலிருந்து 30 முதல் 35 நாளில் தயாராகும். பெரிய காய் ரகங்களுக்கு இன்னும் சில நாள் பிடிக்கும். அந்த நாள் நெருங்கும்போது பற்றுக்கம்பியையும் அடித்திட்டையும் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் தயங்க வேண்டாம். தட்டுவது கடைசியில், ஆசைக்கு.

பழுத்ததைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டு வைக்கலாமா? ஓரிரு நாள் பரவாயில்லை. அதற்கு மேல் சதை மாவாகிவிடும். எலியும் அணிலும் மோப்பம் பிடித்து வரும். திடீரென்று ஒரு கோடை மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். பறித்து வைப்பதே மேல். பறிப்பதற்குச் சில நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். விடியற்காலையில் பழம் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், லேசாக இடித்தாலே கீறும். அதனால் மாலையில் அறுப்பது நல்லது. பிடித்து இழுக்காமல், ஒரு அங்குலக் காம்போடு கத்தரியுங்கள்.

சரி, பறித்தாயிற்று. வெளியே வைப்பதா, ஃப்ரிட்ஜிலா? முழுப் பழத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு வெளியே வைப்பதற்குத்தான். தர்பூசணிக்கு உகந்த வெப்பம் 10 முதல் 15 டிகிரி. அதில் இரண்டு மூன்று வாரம் நிற்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரியில் ஓடுகிறது. அதில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தால் தோலில் குழி விழும், சிவப்பு வெளுக்கும், ருசியும் கெடும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 21 டிகிரியில் இரண்டு வாரம் வைத்த முழுப் பழங்களில், சிவப்பு நிறம் தரும் லைகோபீன் 40 சதவீதம் வரை கூடியிருந்தது. குளிரில் வைத்தவற்றில் அப்படிக் கூடவில்லை. சித்திரை மாதத்தில் நம் வீட்டு அறை 21 டிகிரியில் இருக்காது என்பதும் உண்மைதான். வெயில் படாத அறையில், தரையில் கோணிச்சாக்கு விரித்து வைத்தால் ஒரு வாரம் கவலையில்லை. வாழைப்பழம், மாம்பழம் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு தர்பூசணியின் சதையைத் தளர்த்திவிடும். சில்லென்று சாப்பிட வேண்டுமா? முந்தின நாள் இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் போதும்.

வெட்டிய பழத்துக்கு இந்த விவாதமே கிடையாது, ஃப்ரிட்ஜ்தான். தோலில் இருக்கும் அழுக்கும் கிருமியும் கத்தி வழியே உள்ளே போகும் என்பதால் வெட்டும் முன் கழுவுங்கள். வெட்டியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். நறுக்கிய துண்டுகளைவிடத் தோலோடு பாதியாக மூடி வைத்தது சதை உடையாமல் இருக்கும். மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். மிஞ்சினால் விதை நீக்கி ஃப்ரீசரில் போடலாம். உருகியதும் மொறுமொறுப்பு போய்விடும், அப்புறம் அது ஜூஸுக்குத்தான் ஆகும்.