மேப்பில் சொடுக்கிய இடத்துக்கு வானிலை கிராஃப்: எதை நம்பி எதைத் திறப்பது?

மேப்பில் ஓர் இடத்தைச் சொடுக்கினால் போதும், அடுத்த பத்து நாள் வெப்பம், மழை, காற்று எல்லாம் கோடுகளாக வந்து நிற்கின்றன. விண்டி, மீட்டியோபுளூ, ஓப்பன்-மீட்டியோ என்று இதற்குப் பல வழிகள். எது அழகாக வரைகிறது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். சொடுக்கிய புள்ளி எப்படிக் கோடாக மாறியது என்பதை எது காட்டிக்கொடுக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

வானிலை மாதிரிக்கு, அதாவது வானிலையைக் கணித்துச் சொல்லும் கணினி நிரலுக்கு, புள்ளி தெரியாது, நிலத்தைப் பிரித்து வைத்த கட்டம்தான் தெரியும். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியின் தரவைப் பெரும்பாலும் 0.25 பாகைக் கட்டங்களாக எடுக்கிறோம்; நிலநடுக்கோட்டருகே அது சுமார் 28 கி.மீ. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் (இனி ஐரோப்பிய மையம்) ஐஎஃப்எஸ் 9 கி.மீ., ஜெர்மனியின் ஐகான் உலக அளவில் 13 கி.மீ. தெருமுனையைச் சொடுக்கினாலும் கிடைப்பது ஊரளவு விடைதான்.

சும்மா பார்க்க விண்டிதான் வசதி. சொடுக்கியதும் கீழே முன்னறிவிப்பு விரியும். ஓர் இடத்தின் முன்னறிவிப்பை நேர வரிசையில் வரைந்த படமான மீட்டியோகிராமுக்கு மாறலாம், ஒரே இடத்துக்குப் பல மாதிரிகளை அடுக்கியும் பார்க்கலாம். ஆனால் மாதிரிக்கு ஒரு வரிசையாக வருவதால் கண் மேலும் கீழும் அலைய வேண்டும். இந்த இடத்தில் சுவிட்சர்லாந்தின் மீட்டியோபுளூ ஒரு படி மேல். அதன் மல்டிமாடல் படத்தில் எல்லா மாதிரிகளின் வெப்பக் கோடுகளும் ஒரே வரைபரப்பில் விழும். முதல் இரண்டு நாள் ஒட்டிக்கொண்டு போகிற கோடுகள் எந்த நாளில் பிரிகின்றன என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். எனக்கு வேண்டியது அதுதான்.

கிராஃபை நாமே வரைய வேண்டும் என்றால் ஓப்பன்-மீட்டியோ. வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குச் சாவி (பதிவு செய்து வாங்கும் ஏபிஐ குறியீடு) கேட்பதில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் எண்கள் ஜேசன் என்ற உரை வடிவில் வந்துவிடும். அந்தப் பதிலின் தலைப்பகுதியைக் கொஞ்சம் கவனியுங்கள். நாம் கேட்ட ஆயமும் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) அதில் இருக்கும் ஆயமும் பொதுவாக ஒன்றாக இருக்காது, ஏனென்றால் அது கட்டத்தின் மையத்தைச் சொல்கிறது. கூடவே உயரமும் இருக்கும். 90 மீட்டர் நிலவுயரத் தரவை வைத்து வெப்பநிலையைத் திருத்தித் தருகிறார்கள். மலைப்பகுதியில் இது சின்ன விஷயம் அல்ல. கட்டத்தின் சராசரி உயரம் 1,000 மீட்டர், நீங்கள் சொடுக்கிய சிகரம் 2,000 மீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி கணக்கில் திருத்தாத கோடு அத்தனை டிகிரி சூடாகக் காட்டும். கடற்கரையில் வேறு வம்பு: கட்டம் கடலில் விழுந்தால் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் குறைந்து கோடு தட்டையாகிவிடும். ஓப்பன்-மீட்டியோ தானாக நிலத்துக் கட்டத்தைத் தேட முயல்கிறது.

இதில் குறை என்று சொன்னால், மாதிரியின் பெயரைக் குறிப்பிடாவிட்டால் இடத்துக்குப் பொருத்தமானது என்று அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒப்பிடுவதற்காக வரைபவர் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். நேரமும் அப்படித்தான், நேர மண்டலம் குறிப்பிடாவிட்டால் ஜிஎம்டி, அதாவது கிரீன்விச் நேரம்.

மூலக் கோப்பையே இறக்கி, அதாவது மாதிரியின் கட்டத் தரவை அப்படியே வைத்திருக்கும் கிரிப் கோப்பிலிருந்து வரைவது கடைசி வழி. எனக்குக் கிடைத்த பாடம்: ஐரோப்பிய மையத்தின் மழையை முதன்முதலில் வரைந்தபோது, பத்து நாளும் விடாமல் பெய்வதுபோல் கோடு படிக்கட்டாக ஏறிக்கொண்டே போனது. அந்த எண், மாதிரியின் அந்த ஓட்டம் (ஒரு முறை கணித்து முடிப்பது) தொடங்கியதிலிருந்து சேர்ந்த மொத்தம். முந்தைய நேரத்து எண்ணைக் கழித்தால்தான் இடைவெளி மழை கிடைக்கும். அதுவும் மீட்டரில் இருந்தது, வெப்பம் கெல்வினில். இத்தனை பாடு எதற்கு? வேண்டிய மாறி (மழை, காற்று போன்ற ஓர் அளவு) வேறெங்கும் கிடைக்காதபோது மட்டும்.

இன்னொன்று. மேலே சொன்னவற்றில் பெரும்பாலும் பார்ப்பது மாதிரிக்கு ஒரு கோடு. ஐரோப்பிய மையத்தின் இலவச மீட்டியோகிராமோ, தொடக்க நிலையைச் சற்றே மாற்றிக் கணித்தவை உட்பட 51 ஓட்டங்களின் பரவலைப் பெட்டிகளாகக் காட்டுகிறது: பெட்டிக்குள் நடுப்பாதி ஓட்டங்கள், குறுக்குக்கோட்டில் இடைநிலை. மூன்றாம் நாளில் ஒல்லியாக இருக்கும் பெட்டி ஒன்பதாம் நாளில் பெரும்பாலும் உப்பிப்போயிருக்கும். ஐந்து நாளுக்கு மேல் திட்டம் போடுகிறவர் மற்றதை எல்லாம் மூடிவிட்டு இதைத் திறக்கலாம்.