பெங்களூரில் நாய்க்கு ‘ஸ்கின் பேக்கேஜ்’ விற்கும் க்ரூமிங் கடைகள்: உஷார்

அல்சூர் பக்கம் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் ஒரு க்ரூமிங் கடை. லாப்ரடார் ஒன்றுக்குக் காதுக்குக் கீழே முடி நனைந்து ஒட்டி, நீர் கசிந்து, தொட்டாலே உறுமும் அளவுக்கு வலிக்கிற புண். மழைக்காலத்தில் சகஜமாக வரும் ஹாட் ஸ்பாட்தான். கடைக்காரர் தள்ளி நின்றே பார்த்துவிட்டு, “ஃபங்கஸ் சார், ஒரு ஊசி போட்டா ரெண்டே நாள்ல அடங்கிடும்” என்றார். குளியல், ஊசி, லேபிள் இல்லாத டப்பாவில் வெள்ளைக் களிம்பு, மொத்தம் 2,800 ரூபாய். பில்லில் ‘ஸ்கின் பேக்கேஜ்’ என்று ஒரே வரி. மருந்துப் பெயர் கிடையாது.

அடங்கத்தான் செய்தது. மூன்று வாரம் கழித்துக் கண்ணைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் முடி கொட்ட ஆரம்பித்தது. டாக்டர் பிளேடால் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்: டெமோடெக்ஸ். பல நாய்களின் மயிர்க்காலில் சும்மா கிடக்கிற நுண்ணுண்ணி இது. ரெண்டே நாளில் அடக்குகிற இந்த மாதிரி ஊசியில் இருக்கக்கூடிய ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அமுக்கினால் பெருகிவிடும். படர்தாமரையும் அப்படியே. ஹாட் ஸ்பாட்டுக்கு டாக்டர்களும் சில நாள் ஸ்டீராய்டு தருவது உண்டு. ஆனால் நாயைச் சோதித்து, அளவு எழுதிக்கொடுத்துத் தருவார்கள். வாரக்கணக்கில் உடம்பில் தங்குகிற ஊசியைப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

சின்னப் புண்ணுக்கு வீட்டிலேயே செய்யலாம். நல்ல தோல் தெரியும்வரை சுற்றிலும் முடியை ட்ரிம்மரால் எடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், நாய் திமிறினால் தோலோடு வரும். 2% குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி 25 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, காஸ் துணியால் தினம் இரண்டு வேளை ஒற்றி, ஈரம் போகத் துடையுங்கள். கண்ணிலும் காதுக்குள்ளும் படக்கூடாது. கழுத்தில் கோன் (நக்கவும் சொறியவும் விடாத கூம்பு வடிவப் பட்டை) கட்டாமல் இதையெல்லாம் செய்வது வீண். ஒரு ராத்திரி நக்கினால், சொறிந்தால் போச்சு. மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கு விற்கிற ‘எல்லாம் சேர்ந்த’ படை களிம்பைத் தொடாதீர்கள். பலவற்றில் க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது, நாய் அதை நக்கி விழுங்கவும் செய்யும்.

முடிக்குள் கருந்துகள் இருந்தால் ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சியின் கழிவு. அதற்கு மருந்து போடாதவரை புண் திரும்பத் திரும்ப வரும். ஒரே நாளில் புண் பரவினாலோ, சீழ் வாடை அடித்தாலோ, நாய் சாப்பிட மறுத்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

யார் ஊசியை எடுத்தாலும் முதலில் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், மருந்துக் குப்பியைப் போட்டோ எடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில், டப்பா இரண்டையும் தூக்கிப் போடாமல் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.