மொபிலிட்டி பயிற்சியும் துணையுடன் செய்யும் ஸ்ட்ரெச்சிங்கும்: அண்ணா நகர் நிலையம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு இடுப்பும் தொடையின் பின்பக்கமும் இறுகிப்போவது வழக்கம். அந்த இறுக்கத்துக்காக, மூட்டுகளின் அசைவை மேம்படுத்தும் மொபிலிட்டி பயிற்சியும், பயிற்றுநர் நம் கால்களைப் பிடித்து நீட்டிவிடும் ஸ்ட்ரெச்சிங்கும் தரும் ஒரு நிலையத்துக்கு, சென்னை அண்ணா நகரில், சில மாதங்களாகச் சென்று வருகிறேன். இத்தகைய இடங்கள் நகரில் பெருகிவரும் நிலையில், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே முக்கியம் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

அங்கே எனக்கு நம்பிக்கை ஏற்படுத்தியது முதல் சந்திப்பில் நடந்த பரிசோதனைதான். பிசியோதெரபி படித்த பயிற்றுநர், உடனே மேசையில் படுக்கச் சொல்லவில்லை. சுவரை நோக்கி நிற்க வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னார். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்தார். வலது காலில் 10 சென்டிமீட்டர், இடது காலில் 6. நான் குத்துக்காலிட்டு உட்காரும்போது இடது குதிகால் எழும்பிவிடுவதற்கு இடுப்பைவிடக் கணுக்காலே காரணம் என்பது அந்த ஒரே அளவில் தெளிவாயிற்று.

மேசையில் செய்யப்படுவது பெரும்பாலும் பி.என்.எப். (PNF) முறையைச் சார்ந்தது, அதாவது தசையை முதலில் இறுக்கி, பிறகு தளர்த்தி நீட்டுவது. 1940களில் அமெரிக்க மருத்துவர் ஹெர்மன் கபாட், நரம்பு பாதிப்பு உள்ளவர்களின் மறுவாழ்வுக்காக உருவாக்கத் தொடங்கிய முறை இது. ஒரு காலைப் பட்டையால் மேசையோடு பிணைத்துவிட்டு, மறுகாலை நேராக உயர்த்தி, இழுப்பு உணரப்படும் இடத்தில் பயிற்றுநர் தன் தோளில் தாங்கி நிறுத்துகிறார். "என் தோளை லேசா அழுத்துங்க சார், முழு பலம் வேண்டாம்" என்கிறார். ஏறக்குறைய ஆறு விநாடி அழுத்திவிட்டு மூச்சை விட்டதும், கால் இன்னும் சற்று மேலே செல்கிறது. அந்த நிலையில் அரை நிமிடம் வரை பிடித்திருக்கிறார். வலி வந்தால் அதற்குமேல் ஒரு விரற்கடைகூட நகர்த்துவதில்லை.

இப்படிக் கிடைக்கும் கூடுதல் அசைவைத் தசை நீண்டுவிட்டதன் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ள உடல் பழகுவதே பெரும்பகுதிக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே, பிறர் தூக்கினால் கால் எவ்வளவு உயரம் போகிறது என்பதைவிட, நாமே தூக்கினால் எவ்வளவு போகிறது என்பதுதான் நடையிலும் ஓட்டத்திலும் உதவும். இந்த நிலையத்தின் உண்மையான மதிப்பு, மேசையை விட்டு இறங்கிய பிறகு வரும் இருபது நிமிடத்தில் இருக்கிறது: படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழிறக்கி ஏற்றுவது, தரையில் அமர்ந்தபடி இடுப்பை இருபுறமும் சுழற்றுவது போன்றவற்றைச் செய்ய வைத்து, வீட்டிலும் தொடரச் சொல்கிறார்கள். இப்போது என் இடது குதிகால் தரையிலேயே நிற்கிறது. இந்தப் பகுதி இல்லாத நிலையத்துக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.

விளம்பரத்தாள்தான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஸ்ட்ரெச்சிங், ஓட்டத்துக்குப் பின் தேங்கும் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றி மறுநாள் வலியைத் தடுக்கும் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். லாக்டேட் எனப்படும் அந்தப் பொருள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். மறுநாள் வலிக்கு அது காரணமும் அல்ல. மேலும், ஸ்ட்ரெச்சிங் அந்த வலியைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு தெளிவாகக் கூறியது. அமர்வு முடிந்ததும் உடல் தளர்ந்து இதமாக இருப்பது உண்மை, அதற்கும் ஒரு மதிப்புண்டு. ஆனால் மீட்சிக்குத் தூக்கமும் உணவும் செய்வதை இது செய்துவிடாது.

ஐம்பது நிமிட அமர்வுக்கு 1,800 ரூபாய் என்பது அதிகம்தான். மொத்தத் தொகுப்பாக வாங்கும்படி வரவேற்பில் வற்புறுத்துகிறார்கள். தனித்தனியாகவே கட்டுங்கள், வீட்டுப் பயிற்சியைத் தவறாமல் செய்பவருக்கு மாதம் ஓரிரு அமர்வே போதும். வேகப் பயிற்சிக்கோ பந்தயத்துக்கோ சற்று முன்பு இதற்குச் செல்ல வேண்டாம். நெடுநேரம் பிடித்திருக்கும் ஸ்ட்ரெச்சிங் தசையின் விசையைத் தற்காலிகமாகக் குறைக்கும். டிஸ்க் பிரச்சினை, எலும்புத் தேய்மானம், இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே முன்பதிவு செய்ய வேண்டும்.