ஏழரை நம்பர் தோட்டா: மூன்று வருட அனுபவம்

இங்கிலாந்தில் பண்ணை வேலைக்குப் போயிருக்கும் மச்சான் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான். முதலாளி காட்டுப்புறா சுடக் கூப்பிடுகிறாராம், எத்தனாம் நம்பர் தோட்டா நல்லது என்று. பயிரை மேயும் புறாவைச் சுட அங்கே அனுமதி உண்டு. ஆறாம் நம்பர், குண்டுகளின் எடை 30 அல்லது 32 கிராம் என்றேன். நம்பர் கூடக் கூடத் தோட்டாவுக்குள் இருக்கும் குண்டு சிறுக்கும்; ஆறு என்றால் ஏறக்குறைய 2.6 மில்லிமீட்டர். வாத்துக்கு ஈயக் குண்டு கூடாது, இங்கிலாந்தில் 1999 முதல் தடை.

பதில் போட்ட பிறகுதான் என் தோட்டாப் பெட்டி ஞாபகம் வந்தது. எரிச்சலும் கூடவே வந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி, குழல் அளவு பன்னிரண்டு ‘போர்’. வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு போச்சு. நான் சுடுவது சுடுதளத்தில் எறிகிற தட்டைத்தான். களிமண் புறா என்று பெயர், ஆனால் அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை. தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்த பதினொரு சென்டிமீட்டர் தட்டு. அதற்கு ஏழரை நம்பர், 24 கிராம். பெயரிலேயே ஏழரை இருக்கிறதே என்று வீட்டில் அன்றைக்கே சிரித்தார்கள்.

நியாயமாகச் சொன்னால் தோட்டா அருமை. தோளில் உதை குறைவு, குண்டு ஒரே சீராக விரியும், மூன்று வருடத்தில் ஒன்றுகூட வெடிக்காமல் போனதில்லை.

தோட்டாவின் அடிப்பகுதிதான் வில்லங்கம். பளபளவென்று பித்தளை மாதிரி மின்னுகிறதே என்று நம்பிவிட்டேன். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் டக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே முலாம். தேவிபட்டினத்தில் கடலைப் பார்த்த வீடு, கொண்டல் காற்று அடித்தால் ஜன்னல் கம்பியே பொரிந்துபோகும். 2024 தேர்தலுக்குத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன், தோட்டா டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. ஜூனில் துப்பாக்கி திரும்பியதும் எடுத்துப் பார்த்தால் விளிம்பெல்லாம் செந்துரு. துணியால் துடைத்துப் போட்டுச் சுட்டேன். சுட்ட கூடு குழலை விட்டு வரவே இல்லை. துடைக்கிற கம்பியை முன்பக்கம் விட்டுத் தட்டி எடுப்பதற்குள் என் முறை போய்விட்டது. பின்னால் நின்ற பையன்கள் சிரித்ததைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் தோட்டாவோடு போடுகிறேன். துரு நின்றுவிட்டது.

பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். குழலைக் கழற்றினால் அடியில் அறை நீளம், அதாவது தோட்டா உட்காரும் இடத்தின் நீளம், பொறித்திருக்கும். 65 மில்லிமீட்டர் அறையில் 70 மில்லிமீட்டர் தோட்டா சிக்கலில்லாமல் நுழையும். சுடும்போதுதான் அழுத்தம் ஏறும். அந்த விளையாட்டு வேண்டாம்.

டப்பாவில் இன்னும் பதினெட்டு இருக்கிறது. அது தீர்ந்ததும் இந்தத் தோட்டாவை வாங்கப்போவதில்லை. மச்சான் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.