கமடோர் 64-க்கு நெட்வொர்க்: வைஃபை மோடமா, ஈதர்நெட் கார்ட்ரிட்ஜா?

வீட்டிலிருக்கும் கமடோர் 64 என்ற 1980-களின் வீட்டுக் கணினியை நெட்வொர்க்கில் சேர்க்க இரண்டு வழியையும் பார்த்துவிட்டு, பின்பக்க யூசர் போர்ட்டில் செருகும் வைஃபை மோடத்தையே வைத்துக்கொண்டேன். ஆர்ஆர்-நெட் வகை ஈதர்நெட் கார்ட்ரிட்ஜை நண்பரிடம் இரவல் வாங்கி ஓட்டியது இரண்டு வாரம்தான். அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

மோடம் விலை குறைவு, கேபிள் இழுக்க வேண்டாம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: நெட்வொர்க் வேலையை யார் சுமப்பது? கார்ட்ரிட்ஜில் உள்ள சிஎஸ்8900ஏ சிப் ஈதர்நெட் பாக்கெட்டை வாங்கிக் கையில் கொடுப்பதோடு சரி. அதற்கு மேல் டிசிபி/ஐபி எனும் இணையத் தொடர்பு விதிமுறைகளின் வேலை முழுவதும் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கமடோரின் 6510 செயலியின் தலையில்தான். 64 கேபி நினைவகத்திலும் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அந்தச் சிப்பை மனதில் வைத்து எழுதிய, கான்டிகி என்ற சிறு இயங்குதளம் போன்ற மென்பொருள்தான் ஓடும். மோடம் வழியே வேறு கணினியோடு எழுத்தில் பேச உதவும் பழைய டெர்மினல் நிரல்களுக்கு அது இருப்பதே தெரியாது.

மோடத்தில் இருக்கும் இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப்பின் வேகம் 80 மெகாஹெர்ட்ஸ். வைஃபை கடவுச்சொல், டிசிபி/ஐபி எல்லாம் அதன் பாடு. கமடோருக்கு அது அந்தக் காலத்துத் தொலைபேசி மோடம் மாதிரியேதான் தெரிகிறது. எண்ணைச் சுழற்றச் சொல்லும் ஏடிடிடி (ATDT) கட்டளையை அடித்து, தொலைபேசி எண் இருந்த இடத்தில் சர்வர் முகவரியைக் கொடுத்தால் பிபிஎஸ் எனும் எழுத்துவழி அறிவிப்புப் பலகை திறந்துவிடும். 1980-களில் வந்த சிசிஜிஎம்எஸ் என்ற டெர்மினல் நிரலே போதும். பராமரிப்பில் இதன் அருமை தெரிகிறது: வீட்டு ரவுட்டரை மாற்றியபோது புதிய பெயரையும் கடவுச்சொல்லையும் மோடத்துக்குக் கொடுத்தேன், கமடோர் பக்கம் எதையும் தொடவில்லை. ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்க வேண்டும். இந்தச் சிப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாது.

மின்சாரத்தில்தான் கவனம் தேவை. யூசர் போர்ட்டின் 5 வோல்ட் இணைப்பு தரக்கூடியது 100 மில்லியாம்ப். வைஃபை சிக்னல் அனுப்பும் நொடிகளில் இஎஸ்பி அதைத் தாண்டி இழுக்கும். அதனால் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு மோடத்துக்குத் தனி சார்ஜர் வைத்திருக்கிறேன். கமடோர் ஓடும்போது மோடத்தைச் செருகவோ பிடுங்கவோ வேண்டாம். போர்ட்டை இயக்கும் 6526 சிப் போய்விட்டால் அந்த அசல் சிப்பை இப்போது தயாரிப்பவர் யாரும் இல்லை.

வேகத்தில் கார்ட்ரிட்ஜை மோடம் நெருங்கவே முடியாது. மோடம் வேகத்தின் அளவான பாட்டில் சொன்னால், 1200 பாட் என்பது நொடிக்குச் சுமார் 120 எழுத்து. வரிக்கு 40 எழுத்து, 25 வரி கொண்ட திரை ஒன்று நிரம்ப எட்டு நொடிக்கு மேல் ஆகும். 9600 பாட் வேகம் தரும் யூபி9600 முறைக்கேற்ற கூடுதல் இணைப்புகள் உள்ள மோடமானால் அது ஒரு நொடி. எழுத்து படிக்க எனக்கு அது தாராளம். ஆனால் 1,74,848 பைட் கொண்ட டி64 வட்டுப் படிமம் (ஒரு முழு வட்டின் நகல் கோப்பு) ஒன்றை இறக்க 9600-இலும் மூன்று நிமிடம், 1200-இல் 24 நிமிடம். நாள்தோறும் வட்டுகளாக இறக்குபவர் கார்ட்ரிட்ஜையே வாங்கலாம்.