சயீத் சுல்தானின் இரு ஒப்பந்தங்கள்: 1833, 1839

ஓமானின் மஸ்கட்டையும் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரையும் ஆண்ட சயீத் பின் சுல்தான், ஆறே ஆண்டுகளில் அமெரிக்காவுடனும் பிரிட்டிஷ் பேரரசுடனும் வணிக ஒப்பந்தம் செய்தார். இறக்கும் சரக்குக்கு 5 சதவீத வரி, தூதர் வைக்கும் உரிமை இரண்டிலும் உண்டு. அதனால் ஒரே ஒப்பந்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

1833இல் அமெரிக்கத் தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் பேசி முடித்தது எளிமையானது. அமெரிக்கர்களுக்கு முக்கியமாக வேண்டியது தந்தமும், வார்னிஷ் செய்ய உதவும் கோபால் (copal) என்ற மரப்பிசினும்தான். அரசியல் நிபந்தனை ஏதும் இல்லை. ஆனால் சுல்தான் தாராளமாகக் கொடுத்துவிட்டார்: எதையும் எங்கும் யாரிடமும் அவர்கள் வாங்கலாம், விற்கலாம்; துப்பாக்கி, வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை மட்டும் சான்சிபார் தீவில் அரசுக்கே விற்க வேண்டும்.

1839இல் பிரிட்டன் சார்பில் வந்தவர் கேப்டன் கோகன். இம்முறை சுல்தான் உஷார். டாங்கா அருகிலிருந்து கில்வா வரையிலான ஆப்பிரிக்கக் கரையில் தந்தமும் கோபாலும் தமக்கே என்று எழுதி வாங்கினார். சுங்க வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஜைராம் சிவ்ஜிக்கும் அது லாபம்தான். கூடவே, கிறிஸ்தவ நாடுகளுக்கு அடிமைகளை விற்பதற்கு 1822இல் ஏற்ற தடையை ஒப்பந்தத்துக்குள்ளேயே மீண்டும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

காகிதத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் ஒப்பந்தமே சுல்தானின் கஜானாவுக்கு நல்லது. ஆனால் அமெரிக்கர்கள் சரக்கோடு போய்விடுவார்கள். பம்பாயில் கடற்படை வைத்திருந்த பிரிட்டிஷார் அப்படிப் போகவில்லை. 1890இல் சான்சிபார் அவர்களின் பாதுகாப்பு நாடாகிவிட்டது.