வேளச்சேரியில் ரேடார் படம் பார்த்து மழையை எதிர்கொள்வது: சில பருவமழைகளின் அனுபவம்

சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளராக இருக்கிறேன். சில ஆண்டுகளாகவே வடகிழக்குப் பருவமழையில் வானிலை மையத்தின் மூன்று மணி நேர முன்னறிவிப்பையும் எங்கே எவ்வளவு மழை என்று நிறங்களில் காட்டும் ரேடார் படங்களையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். தாழ்வான பகுதிக்காரர்களுக்கு நாளைய மழையைவிட அடுத்த மூன்று மணி நேரம்தான் முக்கியம்.

ரேடார் படத்தில் முதலில் பழக வேண்டியது நேரம். அதில் இருப்பது சர்வதேச நேரம் (UTC). ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். 14:20 என்றிருந்தால் அது நமக்கு இரவு 7:50. அடுத்து, ஒற்றைப் படத்தை நம்பக் கூடாது. நான்கைந்தை வரிசையாக ஓட்டிப் பார்க்க வேண்டும். கடலிலிருந்து வரும் சிவப்புத் திட்டு, அதாவது பலத்த மழை மேகம், ஒன்று கரையேறிக் கடந்துபோனால் தெரு நனையும், வடிந்துவிடும். அதே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டுகள் வரிசை கட்டினால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். உடனே காவலாளி அண்ணனைக் கூப்பிடுவேன். சம்ப் எனும் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியை இறுக்கி மூடிச் சுற்றிலும் மணல் மூட்டை அடுக்குவார். லிஃப்டை இரண்டாம் மாடியில் நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துவிடுவோம். சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டால், வெள்ளம் வடிந்த பிறகும் குடிக்க நீரில்லாமல் குடும்பங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சென்னையைப் பார்க்கும் ரேடார்கள் இரண்டு. துறைமுகத்தில் இருக்கும் எஸ்-பேண்ட் (நீண்ட அலை) ரேடார் தொலைவு வரை பார்க்கும். பள்ளிக்கரணையில் இருப்பது எக்ஸ்-பேண்ட் (குறுகிய அலை). கொட்டும் மழையைத் துளைத்துச் செல்கையில் அதன் அலை வலுவிழக்கும், அதற்கு அப்பால் பெய்வது குறைவாகத் தெரியும். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும் மழை எச்சரிக்கைகளைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை பெய்தால் மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மணிக்கு எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் இல்லை. 120 மி.மீ. நாள் முழுக்க நிதானமாகப் பெய்தால் எங்கள் தெரு வடிகால் தாங்கும். மூன்று மணி நேரத்தில் கொட்டினால், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நோக்கி ஓட வேண்டிய நீர் தெருவிலேயே தேங்கும். 2021 டிசம்பர் 30 பிற்பகலில், யாரும் எதிர்பாராத மழை சில மணி நேரத்தில் நகரையே முடக்கியது. 2024 அக்டோபர் 16 நேர்மாறு: சிவப்பு எச்சரிக்கை இருந்தும் எதிர்பார்த்த மழை இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார் நிறுத்தியவர்களைச் சிலர் கேலி செய்தார்கள். அது எனக்குக் கோபத்தையே தந்தது. தாழ்வு மண்டலம் சற்று வடக்கே விலகினாலும் மழை இடம் மாறிவிடும். அப்படி விலகிவிடும் என்று நம்பிக் காரைத் தெருவில் விட முடியுமா?

ரேடார் சொல்லாதது ஆற்று வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை மூழ்கியபோது, நகரில் பெய்த மழையோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் சேர்ந்தே வந்தது. ஆகவே ஏரித் திறப்பு அறிவிப்பையும் கடல் ஏற்ற நேரத்தையும் பார்த்துக்கொள்வேன். கடல் ஏறியிருக்கும்போது முகத்துவாரத்தில் ஆற்றுநீர் எளிதில் வடியாது.

சென்னை மாவட்டம் என்று மொத்தமாகச் சொன்னால் திருவொற்றியூருக்கும் சோழிங்கநல்லூருக்கும் ஒரே அறிவிப்பாகிவிடுகிறது. வார்டு வாரியாக, மணிக்கு இத்தனை மி.மீ. என்று அறிவிப்பு வர வேண்டும். அதுவரை குடியிருப்புக்கு ஒருவராவது ரேடார் படம் வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கேட்பவர்களுக்குச் சொல்லித்தர நான் தயார்.